ரவுட்டர்கள் வயரில் என்ன பேசிக்கொள்கின்றன?

ஓஎஸ்பிஎஃப் பற்றி நேர்முகத் தேர்வில் கேட்டால், வருகிறவர்களில் பெரும்பாலானோர் நிலைகளை வரிசை பிசகாமல் ஒப்பித்துவிடுகிறார்கள். டவுன், இனிட், டூ-வே, எக்ஸ்ஸ்டார்ட், எக்ஸ்சேஞ்ச், லோடிங், ஃபுல். “சரி, இனிட்டிலிருந்து டூ-வேக்குப் போகும்போது வயரில் என்ன மாறுகிறது?” என்று அடுத்த கேள்வியைப் போட்டால்தான் முழிக்கிறார்கள். இத்தனைக்கும் பதில் ரொம்பச் சின்னது. ஹெலோ பாக்கெட்டின் நீளம் 44 பைட்டிலிருந்து 48 ஆகிறது. கூடுதலாக வந்த அந்த நான்கு பைட், எதிர்ப்பக்க ரவுட்டரின் ஐடி. “உன் குரல் எனக்குக் கேட்கிறது” என்று ஒரு ரவுட்டர் சொல்லும் விதம் அவ்வளவுதான். அடுத்தவருடைய ஹெலோவில் தன் ஐடியைப் பார்த்த மாத்திரத்தில் இவர் டூ-வேக்குப் போய்விடுவார்.

இதெல்லாம் ஆர்எஃப்சி 2328-இல் இருக்கிறது. 1998-இல் ஜான் மாய் எழுதியது, 244 பக்கம். படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்து முடித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பாக்கெட் கேப்சரை (வயரில் போனதைப் பிடித்து வைத்த பதிவை) ஒரு ஜன்னலில் திறந்து வைத்துக்கொண்டு, புரியாத ஃபீல்டு வரும்போது ஆர்எஃப்சிக்குள் போய்த் தேடினால், அதே ஆவணம் வேறு மாதிரிப் படிக்கக் கிடைக்கிறது.

என் கட்சி இதுதான்: ரவுட்டரின் கான்ஃபிகரேஷன் நாம் என்ன ஆசைப்பட்டோம் என்பதைக் காட்டும். ‘ஷோ’ கட்டளைகள் ரவுட்டர் என்ன நம்பிக்கொண்டிருக்கிறது என்பதைக் காட்டும். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உண்மையில் என்ன போனது, எது முதலில் போனது, எவ்வளவு நேரம் கழித்துப் பதில் வந்தது என்பதெல்லாம் கேப்சரில் மட்டும்தான் இருக்கிறது. சான்றிதழ்ப் படிப்புகள் முதல் இரண்டிலேயே முழுக் காலத்தையும் கழித்துவிடுகின்றன.

லேப்

செலவு ஒன்றும் கிடையாது. லினக்ஸ் ஓடும் ஒரு சுமாரான லேப்டாப் போதும். நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்று கெர்னலிலேயே ஒரு வசதி இருக்கிறது. ஒவ்வொரு நேம்ஸ்பேஸும் தனக்கென்று ரவுட்டிங் டேபிள், இன்டர்ஃபேஸ், ஃபயர்வால் எல்லாம் வைத்துக்கொண்டு தனி ரவுட்டர் போல நடந்துகொள்ளும். இரண்டு நேம்ஸ்பேஸ்களை வீஈத் ஜோடியால் இணைத்தால் அதுதான் உங்கள் கேபிள். மேலே எஃப்ஆர்ஆர் என்ற ரவுட்டிங் மென்பொருளைப் போட்டுக்கொண்டால் ஓஎஸ்பிஎஃப், பிஜிபி, ஐஎஸ்-ஐஎஸ் எல்லாம் தயார். இதையெல்லாம் கையால் கட்ட அலுப்பாக இருந்தால் கன்டெய்னர்லேப் இருக்கிறது. ஆனால் முதல் தடவை கையால் கட்டுவதே நல்லது. எந்த முனை எந்த நேம்ஸ்பேஸில் இருக்கிறது என்ற கணக்கு மனதில் பதிய வேண்டும், பின்னால் டனல் வரும்போது அது தேவைப்படும்.

பிடிக்க டிசிபிடம்ப், பார்க்க வயர்ஷார்க். டிசிபிடம்ப் 1980-களின் கடைசியில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் வான் ஜேக்கப்சன், கிரெய்க் லெரஸ், ஸ்டீவன் மெக்கேன் மூவரும் எழுதியது. வயர்ஷார்க்கை 1998-இல் ஈத்தரியல் என்ற பெயரில் ஜெரால்டு கோம்ப்ஸ் வெளியிட்டார். 2006-இல் அவர் வேலை மாறியபோது பழைய பெயரின் வணிக முத்திரை உரிமை பழைய இடத்திலேயே தங்கிவிட்டது, அதனால்தான் புதுப்பெயர். பழைய ஆட்கள் சிலர் இன்னும் ஈத்தரியல் என்றே சொல்வார்கள், வயது தெரிந்துவிடும்.

ஒரு பழக்கம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேப்சரை ஓட விடுவதற்கு முன்னால், என்ன வரும் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை ஒரு தாளில் எழுதுங்கள். யார் முதலில் பேசுவார், எத்தனை பாக்கெட், எந்த முகவரிக்கு. எழுதாமல் பார்த்தால் எல்லாமே ஏற்கெனவே தெரிந்தது போலத்தான் தோன்றும். இன்னொன்று, சொல்லித்தான் ஆக வேண்டும்: உங்களுக்குச் சொந்தமான, அல்லது அனுமதி எழுத்தில் கிடைத்த நெட்வொர்க்கில் மட்டும் பிடியுங்கள். விடுதி வைஃபையில் ‘சும்மா பார்த்தேன்’ என்பது சட்டத்தின் முன் எடுபடாது.

நாற்பது விநாடி மௌனம்

ஆர்ஐபியை இன்று யாரும் புதிதாகப் போடுவதில்லை என்றாலும் ஒரு மாலைப் பொழுதை அதற்குக் கொடுக்கலாம். யூடிபி போர்ட் 520, முப்பது விநாடிக்கு ஒரு முறை மொத்த டேபிளையும் ஒப்புவிக்கும், ஒரு லிங்க்கைப் பிடுங்கினால் மெட்ரிக் 16 என்று அறிவிக்கும், அதற்கு ‘இனி போக முடியாது’ என்று பொருள். அவ்வளவுதான். வயர்ஷார்க்கில் எங்கே கிளிக் செய்ய வேண்டும் என்று கை பழகிவிடும்.

ஓஎஸ்பிஎஃப்தான் நின்று பார்க்க வேண்டிய இடம். முதலில் கண்ணில் படுவது, இதில் டிசிபியும் இல்லை, யூடிபியும் இல்லை. ஐபி ஹெட்டருக்கு அடுத்து நேராக ஓஎஸ்பிஎஃப் உட்கார்ந்திருக்கிறது, புரோட்டோகால் எண் 89. போகும் முகவரி 224.0.0.5. டிடிஎல் 1. அடுத்த ரவுட்டரைத் தாண்டி இந்தப் பேச்சு போகவே கூடாது என்பதற்காக அந்த ஒன்று. இதை நினைவில் வையுங்கள், டனலில் இதே ஒன்று நம்மைப் பழிவாங்கும்.

இரண்டு ரவுட்டர்களையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிட்டுக் கேப்சரைப் பாருங்கள். பத்து விநாடிக்கு ஒரு ஹெலோ. இரண்டாவது சுற்றிலேயே டூ-வே ஆகிவிட்டது, நீளம் 48. அதற்குப் பிறகும் ஒன்றும் நடக்காது. ஹெலோ, ஹெலோ, ஹெலோ. டிஆர் (டெசிக்னேட்டட் ரவுட்டர்) என்ற ஃபீல்டில் 0.0.0.0 என்றே வந்துகொண்டிருக்கும். புதிதாகப் பார்க்கிறவர் எதையோ தப்பாகக் கட்டமைத்துவிட்டோம் என்று நிறுத்திவிடுவார். நிறுத்தாதீர்கள். ஈத்தர்நெட் போன்ற பொது ஊடகத்தில், ஏற்கெனவே ஒரு டிஆர் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொரு ரவுட்டரும் டெட் இன்டர்வல் அளவுக்கு, அதாவது 40 விநாடி, காத்திருக்கும். அது முடிந்ததும் ஒரே விநாடிக்குள் தேர்தல், டேட்டாபேஸ் பரிமாற்றம், ஃபுல் எல்லாம் மடமடவென்று நடந்து முடியும். பாடப்புத்தகத்தின் நிலைப் படத்தில் ஏழு வட்டங்களும் ஒரே அளவில் இருக்கின்றன. வயரில் ஒரு வட்டம் நாற்பது விநாடி, மற்றவை மில்லிவிநாடி. அதே இன்டர்ஃபேஸை பாயின்ட்-டு-பாயின்ட் என்று மாற்றிவிட்டு மறுபடி பிடித்துப் பாருங்கள், அந்த மௌனம் காணாமல் போயிருக்கும். இரண்டே ரவுட்டர் இருக்கும் லிங்க்கில் டிஆர் எதற்கு என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வதன் காரணம் அப்போது தெரியும்.

அந்த மடமட விநாடியை மட்டும் நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெறும் டிபிடி (டேட்டாபேஸ் டிஸ்கிரிப்ஷன்) பாக்கெட்டை அனுப்பி, இரண்டுமே “நான்தான் மாஸ்டர்” என்று சொல்லும். ஐ, எம், எம்எஸ் என்ற மூன்று பிட்டும் ஒன்று. ரவுட்டர் ஐடி குறைவாக உள்ளவர் அடுத்த பாக்கெட்டில் எம்எஸ் பிட்டைச் சுழியமாக்கி, மற்றவர் சொன்ன வரிசை எண்ணையே திருப்பிச் சொல்லிப் பணிந்துவிடுவார். எக்ஸ்ஸ்டார்ட் என்ற நிலையின் மொத்தக் கதையும் இந்த இரண்டு மூன்று பாக்கெட்தான்.

இப்போது வேண்டுமென்றே கெடுங்கள். ஒரு பக்க இன்டர்ஃபேஸின் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவை) 1400 ஆக்குங்கள். ஹெலோவில் எம்டியூ பற்றிப் பேச்சே இல்லை, ஆகவே டூ-வே வரை ஜோராக வரும். டிபிடியில்தான் அதற்கு ஃபீல்டு இருக்கிறது. 1400 என்று நம்பும் ரவுட்டர், 1500 என்று சொல்லும் டிபிடியைச் சத்தமில்லாமல் தூக்கிப்போட்டுவிடும். அனுப்பியவர் ஐந்து விநாடிக்கு ஒரு முறை அதையே மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டிருப்பார். ‘ஷோ’ கட்டளையில் எக்ஸ்ஸ்டார்ட் என்ற ஒற்றைச் சொல் மட்டும் நிற்கும். கேப்சரில் இரண்டு டிபிடிகளை அடுத்தடுத்து வைத்தால் 1500, 1400 என்று இரண்டு எண்களும் பல்லிளிக்கும். ஐஎஸ்-ஐஎஸ் இதே பிரச்சினையை வேறு விதமாகக் கையாள்கிறது: ஹெலோ பாக்கெட்டையே எம்டியூ அளவுக்கு வெற்றுப் பைட்களால் ஊதி அனுப்பும். பெரிய பாக்கெட் போய்ச் சேராவிட்டால் நட்பே உண்டாகாது. இரண்டில் எனக்கு ஐஎஸ்-ஐஎஸ்ஸின் வழிதான் நேர்மையாகப் படுகிறது. எண்ணைச் சொல்வதை விட, போகிறதா என்று அனுப்பியே பார்ப்பது மேல்.

நாப்கினில் பிறந்தது

பிஜிபியின் பிறப்பு பலருக்குத் தெரிந்த கதை. 1989 ஜனவரியில் டெக்சாஸின் ஆஸ்டினில் நடந்த ஐஇடிஎஃப் கூட்டத்தின் சாப்பாட்டு மேசையில், சிஸ்கோவின் கிர்க் லாஹீடும் ஐபிஎம்மின் யாகோவ் ரெக்டரும் நாப்கின் காகிதங்களில் வரைந்தது. அதே ஆண்டு ஜூனில் ஆர்எஃப்சி 1105 ஆக வந்துவிட்டது. கேப்சரில் பார்க்கும்போது அந்த எளிமை இன்னும் தெரிகிறது. டிசிபி போர்ட் 179. நான்கே நான்கு அடிப்படைச் செய்திகள்: ஓபன், அப்டேட், கீப்பலைவ், நோட்டிஃபிகேஷன். கீப்பலைவில் ஹெட்டரைத் தவிர ஒன்றுமே கிடையாது, 19 பைட். அதில் முதல் பதினாறு பைட்டும் எல்லா பிட்டும் ஒன்றாக வைத்த மார்க்கர். ஒரு காலத்தில் அடையாளச் சரிபார்ப்புக்கு என்று ஒதுக்கிய இடம், இப்போது பழையவற்றோடு ஒத்துப்போவதற்காக மட்டும் கூடவே வருகிறது. ஹெக்ஸ் பார்வையில் அந்தப் பதினாறு பைட் பட்டையைக் கண் பழகிக்கொண்டால் ஒரே டிசிபி செக்மென்டுக்குள் மூன்று அப்டேட் அடுத்தடுத்து அடைந்து வருவதெல்லாம் தூரத்திலிருந்தே தெரியும்.

ஓபன் செய்தியில் ஏஎஸ் எண்ணுக்கு இரண்டு பைட்தான் இடம். உங்கள் லேபில் நான்கு பைட் ஏஎஸ் எண் கொடுத்துவிட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் 23456 என்று நிற்கும். இது யாருடைய எண் என்று தேட வேண்டாம். பெரிய எண்ணுக்குப் பதிலாள் அது. உண்மையான எண் கீழே கேபபிலிட்டி பட்டியலில் இருக்கும்.

அப்டேட் செய்தியைப் படிக்க நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் உதாரணம் 2008 பிப்ரவரி 24. யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுக்கப் பாகிஸ்தான் டெலிகாம் (ஏஎஸ் 17557) 208.65.153.0/24 என்ற வழியை அறிவித்தது. அதை ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ (ஏஎஸ் 3491) வடிகட்டாமல் உலகத்துக்குச் சொல்லிவிட்டது. யூடியூப் அறிவித்திருந்தது 208.65.152.0/22. ரவுட்டிங்கில் நீளமான முன்னொட்டுக்குத்தான் மரியாதை. உலகத்தின் யூடியூப் போக்குவரத்து பாகிஸ்தானை நோக்கித் திரும்பியது. யூடியூப் தானும் /24 அறிவித்தது, பிறகு /25-களாகப் பிளந்து அறிவித்தது. பிசிசிடபிள்யூ வழியைத் திரும்பப் பெற்றபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இதை லேபில் நான்கு நேம்ஸ்பேஸ் வைத்து மறுபடி நடத்தலாம், 64512-இல் தொடங்கும் தனியார் ஏஎஸ் எண்களோடு. வெளி இணையத்தோடு இணைக்காமல், அதைச் சொல்ல வேண்டுமா என்ன. அப்டேட் பாக்கெட்டின் கடைசிப் பைட்களைப் பாருங்கள். பிஜிபி முன்னொட்டை எழுதும் விதம் சிக்கனமானது: முதலில் நீளம் ஒரு பைட், பிறகு முகவரியில் தேவையான பைட்கள் மட்டும். யூடியூபின் அறிவிப்பு 22, 208, 65, 152. பாகிஸ்தான் டெலிகாமுடையது 24, 208, 65, 153. நான்கு பைட்டுக்கு நான்கு பைட், வித்தியாசம் இரண்டே பைட்டில். இந்த அறிவிப்பைச் செய்ய உனக்கு உரிமை உண்டா என்று கேட்கும் ஃபீல்டு அந்தப் பாக்கெட்டில் எங்கேயும் இல்லை என்பதை நீங்களே தேடிப் பார்த்துக்கொள்ளலாம். அந்த உரிமையைச் சரிபார்க்க வந்த ஆர்பிகேஐ பற்றிய நூறு ஸ்லைடுகளை விட இந்த ஒரு தேடல் நன்றாக உறைக்கும். உண்மையான இணையத்தின் அப்டேட்கள் வேண்டுமென்றால் ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ரவுட்வியூஸும் ரைப் நிறுவனத்தின் ஆர்ஐஎஸ்ஸும் பல ஆண்டுப் பதிவுகளை இலவசமாக வைத்திருக்கின்றன. கட்டுக்கட்டாக இருக்கும், ஒரு கால் மணி நேரத் துண்டை மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.

டனல்: இரண்டு இடத்தில் பிடி

டனல் விஷயத்தில் ஒரே விதி. ஒரே பாக்கெட்டை டனல் இன்டர்ஃபேஸிலும், அதற்கு அடியில் இருக்கும் ஈத்தர்நெட் இன்டர்ஃபேஸிலும் ஒரே நேரத்தில் பிடியுங்கள். இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டனல் என்றால் என்ன என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

ஜிஆர்இயில் தொடங்கலாம். சாதாரண பிங் 84 பைட். டனல் இன்டர்ஃபேஸில் 84 என்றே தெரியும். அடியில் 108. நடுவில் கூடிய 24 பைட்டில் 20 வெளி ஐபி ஹெட்டர், 4 ஜிஆர்இ. வெளி ஹெட்டரில் புரோட்டோகால் எண் 47. ஜிஆர்இக்குள் 0800 என்ற எண், உள்ளே இருப்பது ஐபிவி4 என்று சொல்கிறது. ஆகவே 1500 கழித்தல் 24, டனலின் எம்டியூ 1476. இந்த எண்ணை மனப்பாடம் செய்தவர்கள் நிறைய. எங்கிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்தவர்கள் குறைவு.

இப்போது அந்த டனல் மேல் ஓஎஸ்பிஎஃப் ஓட்டுங்கள். லினக்ஸில், நடுவில் இரண்டு ரவுட்டர்களாவது இருக்கும் பாதையில், டனலுக்கு டிடிஎல் எதுவும் கொடுக்காமல். பிங் அருமையாகப் போகும். ஓஎஸ்பிஎஃப் மட்டும் எழுந்திருக்காது. கான்ஃபிகரேஷனைத் தலைகீழாகப் படித்தாலும் பிழை தெரியாது, ஏனென்றால் அதில் பிழை இல்லை. அடி இன்டர்ஃபேஸில் பிடித்துப் பாருங்கள்: வெளி ஹெட்டரின் டிடிஎல் 1. லினக்ஸ் ஜிஆர்இ, தனியாகச் சொல்லாவிட்டால், உள் பாக்கெட்டின் டிடிஎல்லை அப்படியே வெளியே எடுத்துக்கொள்ளும். ஓஎஸ்பிஎஃப் ஹெலோவின் டிடிஎல் ஒன்று என்று முன்பே பார்த்தோம். வெளிப் பாக்கெட்டும் ஒன்றோடு கிளம்பி, முதல் ரவுட்டரிலேயே செத்துவிடுகிறது. அதே கேப்சரில் அந்த ரவுட்டர் ‘டைம் எக்ஸீடட்’ என்று திருப்பி அனுப்பும் ஐசிஎம்பியும் கிடக்கும். டனலுக்கு டிடிஎல் 64 என்று கொடுத்த உடனே நெய்பர் எழுந்துவிடும். இரண்டு புரோட்டோகால்கள் தனித்தனியே சரியாக நடந்துகொண்டு, சேரும்போது ஒன்றையொன்று கொல்வதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. யாராவது வகுப்பெடுக்கச் சொன்னால் இதையே எடுக்கிறேன்.

நெய்பர் எழுந்தபின் இன்னொரு கூத்து. டனலின் மறுமுனை முகவரி அடங்கிய நெட்வொர்க்கையும் தெரியாத்தனமாக ஓஎஸ்பிஎஃப்புக்குள் சேர்த்துவிட்டால், அந்த மறுமுனைக்குப் போகும் வழியே டனல் வழியாக என்று ரவுட்டர் கற்றுக்கொள்ளும். உட்கார்ந்த கிளையை வெட்டிய ஆளின் கதைதான். டனல் அறுந்து ஹெலோ நிற்கும், 40 விநாடியில் நெய்பர் போவார், கற்ற வழியும் போகும், பழைய வழி திரும்பும், டனல் எழும், நெய்பர் எழுவார், மறுபடி வெட்டுவார். வயர்ஷார்க்கில் ஐஓ கிராஃப் போட்டால் சீரான இடைவெளியில் மேடு பள்ளமாக ஒரு படம் வரும். லாக் கோப்பில் ஆயிரம் வரி படித்தும் புரியாததை அந்தப் படம் ஒரு பார்வையில் சொல்லிவிடும்.

“லாகின் பக்கம் வருது சார், ரிப்போர்ட் மட்டும் வரலை”

இந்த வாக்கியத்தை டனல் போட்டவர்கள் எல்லோரும் ஒரு நாள் கேட்டிருப்பார்கள். ஒரு கிளை அலுவலகத்துக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவே ஜிஆர்இ. சின்னப் பக்கங்கள் வருகின்றன, பெரியது தொங்குகிறது. பிங் போகிறது. “நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு” என்று இவர்கள், “சர்வர் நல்லாத்தான் இருக்கு” என்று அவர்கள்.

சர்வர் பக்கத்தில் பிடித்த கேப்சரில் ஒரு நிமிடத்துக்குள் விஷயம் தெரிந்தது. டிசிபி கைகுலுக்கல் சுத்தம், இரண்டு பக்கமும் எம்எஸ்எஸ் (ஒரு செக்மென்டில் அடங்கும் அதிகபட்ச டேட்டா) 1460 என்று ஒத்துக்கொண்டிருக்கின்றன. சின்னச் சின்ன செக்மென்ட்கள் போய் ஏசிகே வருகிறது. முதல் முழு அளவு செக்மென்ட், 1500 பைட், டிஎஃப் (துண்டாக்காதே) பிட் போட்டுக்கொண்டு கிளம்புகிறது. பதில் இல்லை. மறுபடி அனுப்புகிறது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி. இடைவெளி ஒவ்வொரு தடவையும் இரட்டிப்பாகிறது.

1990-இல் வந்த ஆர்எஃப்சி 1191 இதற்குத்தான். பாக்கெட் பெரிதாக இருக்கிறது, துண்டாக்கவும் கூடாது என்றால், நடுவில் உள்ள ரவுட்டர் ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4 அனுப்ப வேண்டும், அதில் “1476-தான் போகும்” என்ற எண்ணும் இருக்கும். டனல் ரவுட்டரில் பிடித்தபோது அது அந்தச் செய்தியைக் கடமை தவறாமல் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. நடுவில் இருந்த ஃபயர்வாலில் யாரோ பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி மொத்தத்தையும் அடைத்திருந்தார்கள். இந்தப் பழக்கத்தின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. பிங்குக்குப் பயந்து வீட்டுத் தபால் பெட்டியையே பெயர்த்தெடுத்த கதை என்று எழுத வந்தேன், அடக்கிக்கொள்கிறேன். கேப்சரில் ‘இல்லாதது’தான் இங்கே சாட்சி: ஓர் இடத்தில் அந்த ஐசிஎம்பி இருக்கிறது, இன்னோர் இடத்தில் இல்லை. ஆகவே நடுவில்.

ஃபயர்வாலை மாற்ற அனுமதி வருவதற்குள் டனல் ரவுட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்ப் போட்டோம். அதையும் பிடித்துப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். உள்ளே வந்த சின் பாக்கெட்டில் எம்எஸ்எஸ் 1460, வெளியே போன அதே சின் பாக்கெட்டில் 1436. நடுவில் இருக்கும் ரவுட்டர் இரண்டு கணினிகளின் பேச்சுவார்த்தையில் கைவைத்துத் திருத்துகிறது. லேயர்கள் ஒன்றின் வேலையில் ஒன்று தலையிடாது என்று கல்லூரியில் படித்ததை அப்போது நினைத்துக்கொள்ளலாம்.

சோதிக்க எளிய வழி: டிஎஃப் பிட்டோடு பிங்கின் அளவை மாற்றி மாற்றி அனுப்புவது. வெறும் ஈத்தர்நெட்டில் 1472 போகும், 1473 போகாது. ஜிஆர்இ வழியே 1448 போகும், 1449 போகாது. 28 பைட் ஐபிக்கும் ஐசிஎம்பிக்கும்.

விஎக்ஸ்லேன் பற்றிக் கொஞ்சம்

டேட்டா சென்டர்க்காரர்களின் டனல் இது, 2014-இல் ஆர்எஃப்சி 7348. முழு ஈத்தர்நெட் ஃபிரேமையே யூடிபிக்குள் போட்டு அனுப்பும், ஆகவே செலவு 50 பைட். விலேன் எண்ணுக்கு 12 பிட்தான் இருந்தது. இதில் 24 பிட், அதாவது ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துக்கு மேல் தனி நெட்வொர்க்குகள். போர்ட் 4789 என்று நெறிமுறை சொன்னாலும், அந்த எண் ஒதுக்கப்படுவதற்கு முன்பே லினக்ஸ் 8472-ஐப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. குபர்னெட்டிஸில் ஃபிளானல் போட்டிருந்தால் இன்றும் பெரும்பாலும் 8472-தான். வயர்ஷார்க்குக்கு அது விஎக்ஸ்லேன் என்று தானாகத் தெரியாமல் வெறும் யூடிபி என்று காட்டலாம். ‘டிகோட் ஆஸ்’ கொடுத்ததும் உள்ளிருந்து முழு ஃபிரேமும் எழுந்து வரும்.

ஒரு நுணுக்கம் மட்டும். வெளி யூடிபியின் சோர்ஸ் போர்ட்டைக் கவனியுங்கள். உள்ளே ஒரே உரையாடல் என்றால் மாறாமல் நிற்கும், வேறு உரையாடல் என்றால் வேறு எண். உள் ஹெட்டர்களை ஹாஷ் செய்து வைக்கும் எண் அது. நடுவில் உள்ள ஸ்விட்ச்கள் உள்ளே எட்டிப் பார்க்காமலே போக்குவரத்தைப் பல பாதைகளில் பிரிக்க இந்த ஏற்பாடு. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

பூட்டிய டனலிலும் படிக்கலாம்

ஐபிசெக் பாக்கெட்டைத் திறந்தால் புரோட்டோகால் 50, ஓர் எஸ்பிஐ எண், ஒரு வரிசை எண், மீதி குப்பை. லேபில் சாவி உங்களிடம்தானே இருக்கிறது. லினக்ஸிலிருந்து அதை எடுத்து வயர்ஷார்க்கின் இஎஸ்பி அமைப்பில் கொடுத்தால் உள்ளே இருக்கும் பிங் வெளிப்பட்டுவிடும். ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டிய விஷயம்.

வயர்கார்டு இன்னும் சுவாரசியம். ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதி 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6-ஓடு கெர்னலுக்குள் வந்தது. சாவியே இல்லாமல் நீளத்தை மட்டும் வைத்துக் கதை படிக்கலாம். 148 பைட் போனால் கைகுலுக்கல் கேட்கிறார்கள். 92 திரும்பினால் ஏற்றுக்கொண்டார்கள். 32 என்றால் உள்ளே ஒன்றுமில்லாத கீப்பலைவ். 128 என்றால் அநேகமாகச் சாதாரண பிங்: 84 பைட்டைப் பதினாறின் மடங்குக்கு உயர்த்தி 96, கூட 32. பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை 148-ம் 92-ம் மறுபடி வரும், சாவியைப் புதுப்பிக்கிறார்கள்.

பப்ளிக் கீயில் ஓர் எழுத்தை மாற்றிவிட்டுப் பாருங்கள். 148, சற்று விட்டு 148, மறுபடி 148. எதிர்ப்பக்கம் மூச்சே விடாது. தப்பு என்று கூடச் சொல்லாது, வடிவமைப்பே அப்படி. “வயர்கார்டு கனெக்ட் ஆகலை, எர்ரரும் வரலை” என்று புலம்புகிறவர்களுக்கு நான் முதலில் கேட்பது, மறுமுனையில் 148 வந்து சேர்கிறதா என்பதுதான். சேர்ந்தும் 92 கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் சாவி. சேரவே இல்லை என்றால் ஃபயர்வால் அல்லது போர்ட். வேலை பாதி முடிந்தது.

கேப்சரும் ஏமாற்றும்

கேப்சரை இவ்வளவு தூக்கிப் பிடித்துவிட்டு அதன் குணக்கேடுகளைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. அது வயரில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. கெர்னலுக்குள் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

எம்டியூ 1500 என்று சத்தியம் செய்துவிட்டு, கேப்சரில் 20,000 பைட் பாக்கெட் தெரிந்தால் பதற வேண்டாம். டிசிபி பெரிய துண்டாகக் கார்டிடம் கொடுத்துவிடும், சின்னதாக நறுக்குவது கார்டின் வேலை, நாம் பார்ப்பது நறுக்குவதற்கு முன். வெளியே போகும் பாக்கெட்டில் செக்சம் தப்பு என்று வயர்ஷார்க் சொன்னாலும் அநேகமாக அதே காரணம். கணக்குப் போடும் வேலையும் கார்டிடம்தான். எம்டியூ சோதனைகளுக்கு முன் ஈத்டூலில் இந்த ஆஃப்லோடுகளை அணைத்துவிடுங்கள், வீஈத்திலும்தான்.

ஐபிசெக்கில் இன்னொரு விசித்திரம். லினக்ஸில் வழக்கமான பாலிசி முறையில் போட்டிருந்தால், உள்ளே வரும் பாக்கெட் இரண்டு முறை தெரியும், பூட்டியபடி ஒன்று, திறந்தபின் ஒன்று. வெளியே போவது பூட்டியபடி மட்டும். பார்க்கிறவருக்குப் பதில்கள் மட்டும் வருகிற, கேள்வியே கேட்காத உரையாடல் போல இருக்கும். கேள்விகள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, இஎஸ்பிக்குள்.

கடைசியாக, அதிகம் பேரைக் குழப்புவது. உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்பே பார்த்துவிடும். வெளியே போவதை ஃபயர்வாலுக்குப் பின்னால் பார்க்கும். ஆகவே “பாக்கெட் வந்துவிட்டது, டிசிபிடம்ப்பில் தெரிகிறது, அப்ளிகேஷன்தான் பதில் சொல்லவில்லை” என்று சண்டைக்குக் கிளம்புவதற்கு முன், ஐபிடேபிள்ஸின் கவுன்டரைப் பாருங்கள். அது சும்மா இருந்தால் ஆர்பி ஃபில்டரையும் பாருங்கள். டனல் போட்ட இடங்களில், போன வழியே திரும்பாத பாக்கெட்டை அது சொல்லாமல் விழுங்கும். இரண்டும் சுத்தம் என்று தெரிந்த பிறகு அப்ளிகேஷன்காரரைத் தாராளமாகக் கூப்பிடலாம், கையில் பிகேப் கோப்போடு.